நொய்க்கஞ்சிக்கு ஜார்ஜியாவில் கிரிட்ஸ் என்று பெயர்

கிளியூர் அருவிக்குப் போகும் வழியில் ஒரு தோழரின் வீடு இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். ஏற்காடே மூடுபனியில் கிடந்த ஒரு காலையில், "அங்க மனசு சரியில்லன்னா இதைத்தான் சாப்பிடுவாங்க தோழர்" என்று கிண்ணத்தை நீட்டினார். கிரிட்ஸ். வெள்ளை மக்காச்சோளத்தை நொய்யாக உடைத்து, கட்டி தட்டாமல் கிண்டி, உப்பும் வெண்ணெயும் போட்டது.

முதல் வாயிலேயே சிரித்துவிட்டேன். அம்மா காய்ச்சும் சோளக்கஞ்சிதான் இது. வெண்ணெய் மட்டும் எங்கள் வீட்டில் கிடையாது. பள்ளியில் கேழ்வரகுக் களியை டிபன் பாக்ஸ் மூடியால் மறைத்துத் தின்றவன் நான். அதே பண்டத்தின் ஒன்றுவிட்ட தம்பியைப் பீங்கான் கிண்ணத்தில் பார்த்தால் சிரிப்பு வராதா?

கிரிட்ஸ் மஸ்கோகி முதலான தென்கிழக்குப் பழங்குடிகளின் உணவு. வெள்ளையர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுத்தவர்களை 1830களில் மேற்கே துரத்தினார்கள். அடிமைப்படுத்தப்பட்ட கருப்பின மக்களுக்கு வாரம்தோறும் அளந்து போட்டதும் சோளமும் உப்புப் பன்றிக்கறியும்தான். 1985இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரில் பில் நீல் என்ற வெள்ளைச் சமையல் கலைஞர் இறால் சேர்த்துப் பரிமாறிய கிரிட்ஸைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதன்பிறகு அது பெரிய உணவகங்களின் பண்டம். 2002இல் ஜார்ஜியா அதைத் தன் அதிகாரபூர்வ உணவாக்கியது. பில் நீல் மீது எனக்குக் கோபமில்லை, நன்றாகத்தான் சமைத்திருப்பார். ஆனால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அதற்கு முன் அடுத்தவர் அடுப்படிகளில் அதைக் கிண்டிய கருப்பினப் பெண்களின் பெயர்கள் தெரியவில்லை.

இங்கே என்ன நடந்தது? சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகள் (பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைக்க வேண்டாம்) சாமையும் கேழ்வரகும் விளைவித்துத் தின்றவர்கள். இளக்காரமாகப் பார்க்கப்பட்ட தானியங்கள். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், ஒன்றிய பட்ஜெட் உரையில் அவற்றுக்கு 'ஸ்ரீ அன்னம்' என்று பெயர் வந்தது. பூணூல் மாட்டிய பிறகுதான் கேழ்வரகு மேசைக்கு வர முடிகிறது.

பூணூல் மாட்ட முடியாத உணவை என்ன செய்வார்கள்? 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். ஆம்பூரில்! எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். இது பாகுபாடு இல்லையா என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது.

அமெரிக்கக் கருப்பின மக்கள் பன்றிக்குடல் உட்பட்ட தங்கள் சமையலை 1960களில் 'சோல் ஃபுட்' என்று நிமிர்ந்து சொன்னார்கள். அது யாரும் இரங்கிக் கொடுத்த பெயரல்ல. ஸ்ரீயும் ஒட்டவில்லை.

கிண்ணத்தை வழித்துவிட்டு, "கருவாடு இருக்கா தோழர்?" என்று கேட்டேன். இருந்தது. அடுத்த ஞாயிறு அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். களியும் மாட்டுக்குடல் குழம்பும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார்.