பன்னிரண்டு வயது

வயலின் கலைஞர் லால்குடி ஜெயராமனுக்கு அப்பா கோபால ஐயர்தான் குரு. எம்.எஸ். கோபாலகிருஷ்ணனுக்கும் அப்பா, பரூர் சுந்தரம் ஐயர். வயலின் நம்மிடம் வீட்டுக்குள் வளர்ந்த வித்தை. லால்குடி 12 வயதில் மேடையேறியதற்கு அந்த வீடும் ஒரு காரணம். (மேதைமை வேறு கணக்கு.) வந்தவாசியில் கோரைப்பாய் நெய்கிறவர் மகளுக்கு வில் பிடிக்க ஆசை வந்தால்? மாவட்ட அரசு இசைப்பள்ளி திருவண்ணாமலையில் இருக்கிறது. ஆனால் அங்கே சேரவே 12 வயதாக வேண்டும். மூன்றாண்டுப் படிப்பு. வயலினில் வீணைபோல மெட்டு கிடையாது. சுரத்தின் இடத்தை விரலே தேடிப் பழக வேண்டும், அதற்கே ஆண்டுகள் போகும்.   அதனால் முதலில் இசைப்பள்ளியின் அந்த வயது வரம்பை எட்டாகக் குறையுங்கள். வந்தவாசியிலேயே மாலை வகுப்பு ஒன்றும் தொடங்குங்கள்.