திரைக்குப் பின்னால் நிற்கும் பெட்டி

கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் ஹார்மன் கம்பெனிக்கு ஒரு விசித்திரமான அறை உண்டு. நாற்காலிக்கு எதிரே கறுப்புத் திரை. பார்வையை மறைக்கும், ஒலியை விட்டுவிடும். அதன் பின்னால் காற்றழுத்தத்தில் நகரும் மேடைகள். பொத்தானை அழுத்தினால் ஒரு ஸ்பீக்கர் பின்வாங்கும், சில விநாடிகளில் இன்னொன்று அதே இடத்துக்கு வந்து நிற்கும். உட்கார்ந்திருப்பவருக்கு அது யார் தயாரிப்பு, என்ன விலை, எவ்வளவு உயரம் என்று எதுவும் தெரியாது. கேட்டு மார்க் போடுவதுதான் வேலை.

இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்டால், 1994-ல் அந்தக் கம்பெனியின் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் நடத்திய சோதனையைச் சொல்ல வேண்டும். கம்பெனி ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். பார்த்துக்கொண்டே கேட்டபோது பெரிய, அழகான, விலை கூடிய பெட்டிகள் முன்னுக்கு வந்தன; மலிவான குட்டி செட் ஒன்று பின்தங்கியது. திரை விழுந்ததும் அந்தக் குட்டி பெரியவற்றோடு தோளுரசி நின்றது. இதைவிடச் சுவையானது இன்னொன்று. ஸ்பீக்கரை அறைக்குள் இடம் மாற்றினால் ஒலி மாறும். கண்ணை மறைத்தபோது அந்த மாற்றம் மார்க்கில் பளிச்சென்று தெரிந்தது. பார்த்துக் கேட்டபோது அவ்வளவாகத் தெரியவில்லை. பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் மார்க் முடிவாகிவிட்டது! இப்படி ஏமாந்தவர்கள் ஸ்பீக்கர் விற்கும் கம்பெனியிலேயே சம்பளம் வாங்குகிறவர்கள்.

அவர்கள் கதியே அப்படியென்றால், ஏசி ஷோரூமில் வெனீர் மினுக்கும் ஆளுயரப் பெட்டிகளுக்கு முன்னால் உட்காரும் சாதாரண ரசிகரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாதுதான். ஆனால் ஒலியளவைச் சமப்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். கொஞ்சம் சத்தமான ஸ்பீக்கர் எப்போதும் முந்திக்கொள்ளும். ஒரு டெசிபல் கூடினால், சத்தம் கூடியதாகத் தோன்றாது. ‘இது தெளிவாக இருக்கிறதே’ என்றுதான் தோன்றும். வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டால் போதாதா? போதாது. பால் கிளிப்ஷ் 1946-ல் கொண்டுவந்து இன்றும் விற்பனையில் இருக்கும் கிளிப்ஷ்ஹார்ன், ஒரு வாட் கொடுத்தால் 105 டெசிபல் தரும் என்கிறது கம்பெனி. பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ அதே ஒரு வாட்டில் 83-ஐத் தாண்டாது. 22 டெசிபல் வித்தியாசம் என்றால், முன்னது ஒரு வாட்டில் எழுப்பும் சத்தத்துக்குப் பின்னதற்கு 150 வாட்டுக்கு மேல் ஊட்ட வேண்டும். அந்தச் சின்னப் பெட்டி அதைத் தாங்காது. மொபைலில் ஒரு டெசிபல் மீட்டர் ஆப் இருந்தால் ஒப்பிடுவதற்கு அதுவே போதும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், காசு நம்முடையது.

அறையின் கதை இதைவிடப் பெரியது. நம் அடுக்குமாடிகளில் பத்துக்குப் பன்னிரண்டு அறை சகஜம். 12 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸிலும் 10 அடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸிலும் ஒலி அலையின் பாதி நீளம் சுவருக்குச் சுவர் சரியாகப் பொருந்திவிடும். அந்த அதிர்வெண்கள் வரும்போதெல்லாம் அறையும் சேர்ந்து உறுமும். சுவரோரம் உட்கார்ந்திருப்பவருக்கு பேஸ் காதை அடைக்கும். நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே பேஸ் காணாமல் போகும். அமெரிக்க வீடுகளின் மரச்சட்டச் சுவர்கள் அதில் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன. நம் செங்கல்லும் கான்கிரீட்டும் அப்படியே திருப்பி அனுப்பிவிடும், போதாக்குறைக்குத் தரையில் டைல்ஸ். 25 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் ராட்சத ஸ்பீக்கரை இங்கே நிறுத்துவது காசு கொடுத்து வம்பை வாங்குவது. கனமான ஜமக்காளம், புத்தகம் நிறைந்த அலமாரி, நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுப்பது: இவற்றைச் செய்து பார்க்காமல் லட்சங்களைப் பற்றிப் பேசக்கூடாது.

சின்ன இடத்துக்கென்றே பிறந்தது அந்த எல்எஸ்3/5ஏ. 1970-களில் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக பிபிசி பொறியாளர்கள் செய்தார்கள். உயரம் ஒரு அடி, உள்ளே ஐந்து லிட்டர் சொச்சம் காற்று, துளை இல்லாத மூடிய பெட்டி. முன்பக்கத் துணியைக் கழற்றினால், உச்ச ஒலிகளை எழுப்பும் ட்வீட்டரைச் சுற்றி நாலு பக்கமும் தடித்த ஃபெல்ட் பட்டைகள் ஒட்டியிருக்கும். பெட்டியின் விளிம்பில் பட்டுச் சிதறும் ஒலியை அமுக்க அந்த வேலை. இவ்வளவு சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வராது. அதை ஈடுகட்ட பேஸின் மேல்பகுதியைக் கொஞ்சம் தூக்கி வைத்தார்கள். காதும் ஏமாந்துபோய், இல்லாத ஆழத்தை இருப்பதாக நினைத்துக்கொள்ளும். நியாயமான ஏமாற்று என்றே சொல்ல வேண்டும். குரலுக்கு அதை மிஞ்ச ஆளில்லை என்று அரை நூற்றாண்டாகச் சத்தியம் செய்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் தபேலாவின் டக்கா முழுசாக வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்திருக்க வேண்டும்: அந்த ஸ்பீக்கரை உரிமம் பெற்றுத் தயாரித்த ரோஜர்ஸ், பின்னாளில் அதற்குக் கீழே வைக்க ஏபி1 என்று தனியாக ஒரு பேஸ் பெட்டியையும் விற்றது.