மசகெண்ணெயும் மலைநாட்டுப் பிள்ளைகளும்

தமிழாசிரியருக்கு இயந்திரத்தோடு என்ன தொடர்பு என வினவுவாரும் உளர். தொடர்பு உண்டு என்பதே எமது கருத்து. மொனராகலையிலும் பதுளைத் தோட்டங்களிலும் கற்கும் நம் பிள்ளைகள் உராய்வுக்கு வரைவிலக்கணம் பிழையற எழுதுகின்றனர். ஆயின், ‘ஸ்டோர்’ என அவர்கள் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவது ஏன் என்று கேட்டால், பலர் விடையறியாது விழிக்கின்றனர். சொல்லையும் பொருளையும் பிரித்துக் கற்பித்ததன் பயன் இது.

எண்ணெய் வழுவழுப்பு ஊட்டுவதோடு நிற்பதன்று. சுழலும் தண்டு, தனக்கும் தாங்கிக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய வெளிக்குள் எண்ணெயைத் தானே இழுத்துச் செல்கின்றது. அங்கு எழும் அமுக்கம் தண்டினைத் தூக்கி நிறுத்த, உலோகம் உலோகத்தைத் தொடாமலே சுழல்கின்றது. 1883 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே பீச்சம் டவர் என்னும் பொறியியலாளர் தாங்கி ஒன்றை ஆராய்ந்தபோது, அதன் துளையில் இட்ட அடைப்பை எண்ணெயே வெளித்தள்ளியது. 1886 இல் ஒஸ்போர்ண் ரெய்னால்ட்ஸ் அதன் காரணத்தைக் கணிதத்தால் விளக்கினார்.

எண்ணெயையும் இடமறிந்தே இடல் வேண்டும். விரைந்து சுழலும் தண்டுக்கு மெல்லிய எண்ணெய் போதும். பெல்வத்தை போன்ற சீனி ஆலைகளில் கரும்பு பிழியும் உருளைகளோ மெல்லச் சுழன்று பெரும்பாரம் தாங்குவன. அங்கே எண்ணெய்ப் படலம் எளிதில் அமையாதாகலின் தடித்த எண்ணெய் வேண்டும். வெப்பத்தில் எண்ணெய் இளகும், குளிரில் தடிக்கும். ஆதலால் மொனராகலை வெயிலுக்கு ஏற்றது ஹப்புத்தளைக் குளிருக்கு ஒவ்வாதிருத்தலும் கூடும். எண்ணெய் குறைந்தால் தாங்கி சூடேறித் தேயும். மிகுந்து வழிந்தால் கொழுந்திற் கலந்து தேயிலையைக் கெடுக்கும்.

இவற்றைத் தமிழிற் சொல்லலாகாதா? வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து வண்டி அச்சுக்கு இட்டவர் நம் முன்னோர். அவர்கள் வழங்கிய ‘மசகு’ என்னும் சொல்லே இன்று மசகெண்ணெயில் நிற்கின்றது.

தோட்டத்துப் பிள்ளைக்கு இயந்திரத்தைக் காட்டினால், அவன் எண்ணெய்க் குவளையோடு தோட்டத்திலேயே தங்கிவிடுவான் என அஞ்சுவோர் சிலர். எலைஜா மக்காய் என்பாரை அவர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று. அடிமை வாழ்வினின்று தப்பியோடிய பெற்றோருக்குப் பிறந்த அவர், ஸ்கொத்லாந்தில் பொறியியற் பயிற்சி பெற்றவர். எனினும் கறுப்பினத்தவர் என்பதால், அமெரிக்கப் புகையிரதப் பகுதியில் நெருப்பிடவும் எண்ணெய் இடவுமே அமர்த்தப்பட்டார். நீராவி இயந்திரத்துக்குத் தானாகவே எண்ணெய் ஊட்டும் கருவிக்கு 1872 இல் அவர் காப்புரிமை பெற்றார். குவளையோடு கல்வியும் இருந்தமையாலன்றோ அது கைகூடிற்று? அஞ்சத்தக்கது குவளையன்று; கல்வியின்மையே.

நம் கல்லூரியிற் பயின்று பொறியியலாளராய் விளங்கும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டில் ஒரு நாளேனும் தோட்டப் பள்ளி ஒன்றின் மாணவரை அண்மையிலுள்ள தொழிற்சாலைக்கு அழைத்துச் சென்று, அங்கே கண்டதைத் தமிழில் விளக்குங்கள். நீங்கள் விளக்குவதைச் சிறு நூலாக்கித் தருவதற்கு எம்போன்ற தமிழாசிரியர் துணைநிற்போம். விழாவுக்குப் பந்தலும் விருந்தும் வேண்டியனவே. இப்பணியும் அவற்றோடு சேர்க.