மரியாதை தெரிந்த ஆள் வேண்டும்



சென்ற திங்கள் முதியோரைக் கப்பலில் அழைத்துச் செல்வது குறித்து இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர் பின்வருமாறு கேட்டிருக்கிறார்: "எங்கள் வீடு பழைய ஆசாரப்படி நடப்பது. செவ்வாய், வெள்ளி விளக்குப் பூசை தவறாது. அடுக்களையில் மீனும் இறைச்சியும் நுழைவதில்லை. மாமியாருக்கு வயதாகிவிட்டது, நானோ வேலைக்குப் போகிறவள். வீட்டைப் பார்த்துக்கொள்ள மரியாதை தெரிந்த ஒரு பெண் வேண்டும். எப்படித் தேடுவது? எப்படி அமர்த்துவது?"

இதற்கு நூல் பார்த்து விடை சொல்லும் அளவுக்கு நான் கற்றவன் அல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானவன். ஆயினும் இதே கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. முதலில் தவறான விடையைக் கண்டு துன்புற்றோம். பிறகு ஏறக்குறையச் சரியான விடையைக் கண்டோம். அவ்விரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என் தந்தையார் இராமநாதபுரம் சீமையிலிருந்து கொத்து வேலைக்காகக் கப்பலேறி அந்தமானுக்கு வந்தவர். பெரார்கஞ்சில் தம் கையாலேயே சுவர் எழுப்பிக் கட்டிய வீடு எங்களுடையது. அவர் காலமான பின்னும் அன்னையார் அவ்வீட்டை விட்டு வர இசையவில்லை. இத்தீவிலோ ரயில் பாதை கிடையாது. ஆகவே ரயில்வேச் சோறு உண்ணும் நான் சென்னையில் இருக்கிறேன். நடுவே கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் கடல். அன்னையாருக்குத் துணையாக ஓர் ஆளை அமர்த்துவது எங்களுக்கு வசதிக்காக அன்று. அவர் உயிருக்குப் பாதுகாப்பாக.

முதலில் வந்தவர் தமிழ் பேசும் ஒரு நடுவயதுப் பெண்மணி. பக்கத்து வீட்டார் சொல்லி அனுப்பினார்கள். வாசலில் நின்றவரிடம் அன்னையார் கேட்ட முதற்கேள்வி, "நீங்க என்ன ஆளுக?" என்பது. பேரைக் கேட்டதும் ஊரைக் கேட்டதும் அதற்குப் பின்னரே. பின் தாழ்வாரத்தில் ஓர் ஆணி அடித்து, அதில் ஓர் அலுமினியத் தம்ளரை மாட்டி, "உனக்கு இதுதான்" என்று காட்டினார். பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. "ஏய்" என்றும் "அடியே" என்றும்தான் அழைப்பு. என் பங்குக்கு நான் செய்த தவறும் உண்டு. ஐந்தாம் தேதிக்குள் அனுப்புவதாகச் சொன்ன பணத்தைப் பதினைந்தாம் தேதி கழித்து அனுப்பினேன்.

அப்பெண்மணி இரண்டாம் மாதத்தில் ஒருநாள் சொல்லாமலே நின்றுவிட்டார். "மரியாதை தெரியாதவள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா?" என்று அன்னையார் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். நானும் ஆமாம் போட்டேன். அடுத்த வாரத்தில், மழை ஈரத்தில் துணி துவைக்கும் கல்லருகே அன்னையார் வழுக்கி விழுந்தார். எழ இயலாமல் வெகுநேரம் கிடந்த பின்னரே அண்டை வீட்டார் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். சேதி வந்தபோது நான் அலுவலகத்தில் பேரேட்டின் முன் அமர்ந்திருந்தேன். விடுப்பு எழுதிக் கொடுத்துக் கப்பலேறினேன்.

கடல் நடுவே மூன்று நாளும் எனக்கு வேறு வேலையில்லை; சிந்திக்கத்தான் நேரம். பெரார்கஞ்ச் என்னும் பெயரே 1923 முதல் 1931 வரை இத்தீவுகளின் தலைமை ஆணையராக இருந்த பெரார் என்னும் ஆங்கிலேயரின் பெயரால் வந்தது. 1858இல் இங்கே கைதிகளின் குடியிருப்பு தொடங்கியது. தண்டனைக் காலத்தில் நன்னடத்தை காட்டிய ஆண் பெண் கைதிகள் அனுமதி பெற்று மணம் செய்துகொண்டனர். எந்த மாகாணத்தார், எந்தச் சாதியார் என்று பிரித்துப் பார்க்க இடமின்றி அவர்கள் சந்ததியார் பெருகினர். 1918 முதல் ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசி மக்கள் காட்டு வேலைக்கு வந்தனர். 1920களில் மலபாரிலிருந்து மாப்பிள்ளைமாரும், வட நாட்டிலிருந்து பாந்து வகுப்பினரும் கொண்டுவரப்பட்டனர். 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிகள் வந்து காடு திருத்தினர். நம் தமிழ் மக்களும் பிழைப்புத் தேடி வந்து சேர்ந்தனர்.

இந்த நீரைத்தான் முன்னோர் 'காலாபானி', அதாவது கருநீர் என்றனர். கடல் கடந்தவன் சாதி கெட்டவன் என்பது பழைய ஆசாரத்தின் விதி. அவ்விதியை எழுத்துப் பிசகாமல் கொண்டால், என் தந்தையார் கப்பலில் கால் வைத்த அன்றே எங்கள் குடும்பத்துக்கு ஆசாரம் போயிற்று. நமக்கு இடைஞ்சலான அந்த விதியை நங்கூரத்தோடு கடலில் போட்டுவிட்டோம். பிறருக்கு இடைஞ்சலான தனித் தம்ளரை மட்டும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தோம். இது என்ன நியாயம்? இக்கேள்வியோடுதான் நான் கரை இறங்கினேன்.

இரண்டாவதாக ஓர் அம்மையாரைத் தேடிப் பிடித்தோம். அவர் ராஞ்சி மக்களின் வழிவந்தவர், கிறிஸ்தவர். இந்துஸ்தானி பேசுவார், தமிழ் சில சொற்கள் தெரியும். அன்னையாருக்கு மனம் ஒப்பவில்லை. "நம்ம வீட்டுப் பழக்கம் அவளுக்கு என்னப்பா தெரியும்?" என்றார். "தெரியாதுதான் அம்மா; நாம் சொன்னால்தானே தெரியும்" என்றேன்.

இம்முறை ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். செருப்பை வாசலில் விடவேண்டும். கை கால் கழுவி அடுக்களைக்குள் வரவேண்டும். வீட்டுக்குள் புலால் கொண்டுவரக் கூடாது. பூசை அறையை அன்னையாரே துடைத்துக்கொள்வார். வாசல் தெளிப்பதும், பத்துப் பாத்திரம் தேய்ப்பதும், துணி துவைப்பதும், பகல் முழுதும் துணையிருப்பதும் வேலை. இவற்றை இந்துஸ்தானியில் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் உங்கள் வீட்டு முறை, நான் நடந்துகொள்வேன். கோயிலுக்குப் போனால் கோயில் முறைதானே? ஆனால் எனக்கும் இரண்டு உண்டு. ஞாயிறு காலை நான் ஆராதனைக்குப் போகவேண்டும். இன்னொன்று, எனக்கென்று வெளியே தம்ளர் வைக்காதீர்கள். உங்கள் பாத்திரத்தை நான் தொடக்கூடாதென்றால் சொல்லிவிடுங்கள். என் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன். நான் தேய்த்துக் கொடுக்கும் தம்ளரில் நீங்கள் குடிக்கலாம், அதே தம்ளரில் நான் குடிக்கக்கூடாதா?"

அன்னையார் விடை சொல்லவில்லை. தாழ்வாரத்து ஆணியை மட்டும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அந்த அலுமினியத் தம்ளர் அங்கே இல்லை.

அன்னையார் அடியோடு மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். இன்றும் பூசை அறைக்குள் அந்த அம்மையார் செல்வதில்லை, அவரும் கேட்பதில்லை. ஆனால் இருவரும் காலைக் காப்பியை ஒரே அடுக்கின் எவர்சில்வர் தம்ளர்களில் குடிக்கிறார்கள். அன்னையார் அவரைத் 'தீதி' என்று அழைக்கிறார். அக்காள் என்பது பொருள். வயதில் இளையவரை ஏன் அக்காள் என்கிறீர்கள் என்று கேட்டால், "எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுறாங்க" என்கிறார். சென்ற மழைக்காலத்தில் அன்னையாருக்குக் காய்ச்சல் கண்டபோது, இரவு தங்கிக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அத்தீதிதான். அன்று புலால் உண்ணும் கையா, ஜெபமாலை உருட்டும் கையா என்று யாரும் கேட்கவில்லை.

இனி, கேள்வி கேட்ட சகோதரிக்கு என் விடை. ஆசாரம் வேறு, அவமதிப்பு வேறு. செருப்பு, குளியல், புலால், பூசை அறை இவை வீட்டின் பழக்கம். எந்த மதத்தவரிடமும் வெளிப்படையாகச் சொல்லலாம், யாரும் தவறாகக் கொள்ளார். தனித் தம்ளர், பழைய சோறு, பின்வாசல், 'ஏய்' என்னும் அழைப்பு இவை பழக்கமல்ல, ஆளைத் தாழ்த்துவது. முன்னதைக் கேட்க நமக்கு உரிமையுண்டு. பின்னதைக் கேட்டுவிட்டு மரியாதையையும் எதிர்பார்ப்பது, உப்பு விதைத்துவிட்டு நெல்லுக்குக் காத்திருப்பதை ஒக்கும்.

அமர்த்தும் முறையும் சொல்கிறேன். தெரிந்தவர் வழியாகத் தேடுங்கள். முன்பு வேலை செய்த வீட்டாரை விசாரியுங்கள். அடையாள அட்டையைப் பார்த்து நகல் வைத்துக்கொள்ளலாம். மூலத்தை வாங்கிப் பூட்டி வைக்கலாகாது. வேலை, நேரம், சம்பளம், வார விடுமுறை, நோய்க்கால விடுப்பு ஆகிய ஐந்தையும் முதல் நாளே தாளில் எழுதி, இருவரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன தேதியில் சம்பளம் கொடுங்கள். தீபாவளிக்குப் புடவை கொடுத்தோம் என்பதற்காகச் சம்பளத்தைத் தள்ளிப்போட வேண்டாம். புடவை அன்பு, சம்பளம் கடன். பொருள் காணவில்லையென்றால் முதலில் வீட்டுக்குள் தேடுங்கள், பிறகு வாயைத் திறவுங்கள். பழிச்சொல்லைப் பின்னால் திரும்பப் பெற இயலாது.

சட்டமும் இவ்விஷயத்தில் வாய் மூடி இல்லை. நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை எவ்வடிவிலும் ஒழித்தது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. 'சிறுமி ஒருத்தி கிடைத்தால் போதும்' என்று கேட்பவர்கள் இதை மனத்தில் கொள்க. பணியிடத்தில் பெண்களைப் பாலியல் தொல்லையினின்று காக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுப் பணிப்பெண்ணையும் சேர்த்தே காக்கிறது. தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளருக்கென்று தனி நல வாரியமே ஏற்பட்டது. 2021இல் மத்திய அரசு தொடங்கிய 'இ-சிரம்' பதிவில் இவர்களும் பெயர் சேர்க்கலாம். ஆதார் எண் கொண்டு பதியலாம். எழுதப் படிக்கத் தெரியாத பணிப்பெண்ணுக்கு நம் பிள்ளைகள் ஒரு மாலை நேரம் ஒதுக்கி இதைச் செய்து கொடுத்தால் அதுவே பெரிய உபகாரம். நான் தீதிக்குச் செய்து கொடுத்தேன்.

கடைசியாக ஒன்று. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், அவர்கள் குழந்தைகளைக் கப்பலில் பார்த்துக்கொள்ள நம் நாட்டு ஆயாமார்களைச் சீமைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே இறங்கியதும் திரும்பும் பயணச் செலவும் தராமல் கைவிடப்பட்டவர் பலர். அவர்கள் ஒதுங்கவென்று லண்டனில் ஆயாமார் இல்லம் ஒன்று இருந்தது. 1900இல் அது ஹாக்னி பகுதிக்கு மாறியது. அவ்வீட்டுச் சுவரில் 2022இல்தான் நினைவுப் பலகை பதித்தார்கள். கடல் கடந்து அந்நியர் வீட்டில் வேலை செய்தவர்களின் துன்பம் நமக்குப் புதிதன்று, நம்மவரும் பட்டதே. அந்நாளில் அவர்களுக்கு எத்தகைய எசமானி வாய்த்திருக்க வேண்டுமென்று நாம் விரும்புவோமோ, அத்தகைய எசமானியாக நாம் இருந்தால் போதும்.

ஆகவே சகோதரி, "மரியாதை தெரிந்த ஆள் வேண்டும்" என்று பிறரிடம் சொல்லி வைக்குமுன், "மரியாதை தெரிந்த வீடு இது" என்று சொல்லக்கூடிய நிலையில் நம் வீடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பின் தாழ்வாரத்தில் ஆணி ஏதும் இருந்தால் முதலில் அதைப் பிடுங்கிவிடுங்கள். ஆள் தானே கிடைப்பார். கிடைத்தவர் நிலைத்தும் இருப்பார்.

அடுத்த திங்கள், ஊரிலுள்ள நிலத்துப் பட்டாவைக் கடல் கடந்திருந்து கவனித்துக்கொள்வது பற்றி எழுதுவேன். ஐயங்களைச் சங்க முகவரிக்கு எழுதுங்கள்.