ஏழு குதிரைகளும் ஒரு வெற்றுச் சுவரும்

சூரமங்கலத்தில் புதுசா கட்டின வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். கிரானைட் தரை, ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன். ஹாலில் ஏழு குதிரைகள் ஓடும் கேன்வாஸ் பிரிண்ட். ஒரிஜினல் ஓவியம் என்று பேச்செடுத்தால், ‘அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்ங்க’ என்பார்கள், சுவர் நீள டிவிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

இலக்கியம் படிக்கிற நாம் மட்டும் என்ன ஒழுங்கு? 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்தியை டிபியாக வைப்போம். இன்றைக்கு வரைந்துகொண்டிருப்பவரிடம், ‘நம்ம புக்குக்கு நட்புக்காக ஒரு அட்டை’ என்று கேட்போம். 1966-ல் பணிக்கரோடு சோழமண்டலம் போனவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். வாங்க ஆள் இல்லாத கலைக்கு அன்றும் அதுதான் வழி. அதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது நமக்கு ரொம்பச் சௌகரியம்.

வாங்கியவர்கள் லட்சணம் வேறு கதை. தஞ்சாவூர் ஓவியம் என்பது பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்து மேடு கட்டி, தங்க ரேக்கு பதித்தது. சட்டத்தைக் கழற்றி அதை ஈரத்துணியால் துடைப்பது பக்தி இல்லை, கொலை. விளக்குப் புகை நேரே படும் இடத்தில் மாட்டுவதும் அப்படித்தான், கொஞ்சம் மெதுவாக.

சேலத்தில் கடல் காற்று இல்லை, வெயில்தான் எதிரி. மேற்கு ஜன்னலுக்கு எதிரே மாட்டிய நீர்வண்ணம் வெளுத்தே தீரும், போன நிறம் திரும்பாது. பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஈரம் ஏறும், காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சி அரிக்கும். காகித ஓவியத்தைக் கண்ணாடி தொடக்கூடாது. நடுவே அமிலமில்லாத மவுண்ட் போர்டு வேண்டும். தைல ஓவியத்துக்குப் பின்னால் காற்றுப் போக இரண்டு கார்க் துண்டுகள் ஒட்டினால் போதும். தூசிக்கு உலர்ந்த மென்மையான பிரஷ். இதில் எதற்குப் பணக்காரர் ஆகணும்? சரியான சுவரைத் தேர்ந்தெடுக்கக் காசே வேண்டாம்.

ஆக, காசில்லை என்பது சாக்கு. நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். புத்தகக் கண்காட்சிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு வருடம் பாதியை எடுத்து வையுங்கள். சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி மாணவர்களின் கண்காட்சிக்குப் போங்கள். பிடித்த படத்துக்கு விலை கேளுங்கள், பேரம் பேசாதீர்கள். சட்டத்தின் பின்புறம் வரைந்தவர் பெயரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அது யார் வரைந்தது என்று தெரியணும்.