பைலட்டுக்கு எதுக்குய்யா சங்கம்?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



சந்தா ரசீது புத்தகத்தோடு வகுப்புக்குள் நுழைந்தாலே நம்மாட்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வது வழக்கம். "குடுத்த காசு எங்கே போகுது?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இந்த ஆண்டு வசூலின்போது ஒரு நண்பர் புதிதாக ஒன்று கேட்டார். "மில் தொழிலாளிக்குச் சங்கம் வேணும், சரி. ஏரோப்ளேன் ஓட்டுறவன் லட்ச லட்சமா வாங்குறான். அவனும் சங்கத்துக்குச் சந்தா கட்டுறானாமே? தண்டம்தானே அது?"

நியாயமான சந்தேகம். மலருக்குக் கட்டுரை கேட்டதும் இதையே எழுதுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

விமானிகள் சங்கம் என்றால் அமெரிக்காவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1931-ல் சிகாகோவில் டேவிட் பென்கி என்ற விமானி முன்னின்று தொடங்கிய சங்கம், 'ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன்'. அமெரிக்கா, கனடா இரண்டிலுமாக இன்று முக்கால் லட்சம் விமானிகளுக்கு மேல் அதில் இருக்கிறார்கள். சந்தா ஒரே தொகை அல்ல, சம்பளத்தில் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் வாங்கும் கேப்டன் ஐந்தாயிரம் டாலருக்கு மேல் கட்டுவார். நம்ம பணத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் ரூபாய்! எங்க அப்பா ரெண்டு வருஷம் மூட்டை தூக்கினாலும் கண்ணால் பார்க்க முடியாத தொகை.

இவ்வளவு கொட்டிக் கொடுத்து என்ன லாபம்?

முதலில் அந்தத் தொழிலின் ஒரு விசித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். நல்ல டர்னர் ஒருவர் இந்தக் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய் அனுபவத்தைச் சொல்லிக் கூடக் கேட்கலாம். அமெரிக்க விமானிக்கு அது முடியாது. அங்கே எல்லாம் சீனியாரிட்டிப் பட்டியல்தான். எந்த விமானம், எந்த ஊர், எந்த நாள் லீவு, எப்போது கேப்டன் என்பதெல்லாம் பட்டியலில் உங்கள் எண்ணைப் பொறுத்தது. இருபது வருஷம் ஓட்டியவர் வேறு கம்பெனிக்குப் போனால் பட்டியலின் கடைசியில், நேற்றுச் சேர்ந்த பையனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். "நான் போறேன்" என்று சொல்ல முடியாதவனிடம் நிர்வாகம் எதற்கு இறங்கி வரப்போகிறது? கை நிறையச் சம்பளம் வாங்கினாலும் அவன் கை கட்டப்பட்ட கைதான். தனி ஆளாகப் பேரம் பேச முடியாததால்தான் சேர்ந்து பேசுகிறார்கள்.

சரி, சேர்ந்து பேசியதில் கிடைத்தது என்ன? டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகள் 2022 இறுதியில் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 2023 மார்ச்சில் ஒப்பந்தம் வந்தது. நான்கு ஆண்டுகளில் மொத்தம் 34 சதவீத உயர்வு. இரண்டு கொடுத்து முப்பத்துநாலு வாங்கினால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். கொரோனாவுக்குப் பிறகு அங்கே விமானிகளுக்குக் கடும் பஞ்சம். ஸ்கைவெஸ்ட் என்ற கம்பெனி விமானிகள் இந்தச் சங்கத்தில் இல்லை. மற்ற கம்பெனிகள் ஏற்றிய பிறகு 2022-ல் அங்கேயும் சம்பளம் ஏறத்தான் செய்தது. டெல்டாவிலேயே விமானப் பணிப்பெண்களுக்குச் சங்கம் கிடையாது. ஆனால் பயணிகள் ஏறி உட்காரும் நேரத்துக்கும் சம்பளம் என்பது பெரிய கம்பெனிகளில் முதலில் அவர்களுக்குத்தான் 2022-ல் கிடைத்தது. சங்கம் உள்ளே வந்துவிடுமோ என்ற பயத்தில் நிர்வாகமே முந்திக்கொண்டது என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, கிடைத்தது கிடைத்ததுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதே டெல்டா விமானிகள் 2004-ல் கம்பெனியைக் காப்பாற்ற 32.5 சதவீதச் சம்பள வெட்டுக்குச் சம்மதித்தார்கள். 2006-ல் அவர்களுடைய பென்ஷன் திட்டமே ரத்தானது. அன்றும் சங்கம் இருந்தது, சந்தாவும் பிடித்தார்கள். 1983-ல் கான்டினென்டல் கம்பெனி திவால் மனு போட்டு ஒப்பந்தத்தைக் கிழித்தபோது விமானிகள் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு ஆண்டு இழுத்துத் தோற்றது. ஆஸ்திரேலியாவில் 1989-ல் விமானிகள் சங்கம் ஏறக்குறைய 30 சதவீத உயர்வு கேட்டு மோதியது. தொழிற்சங்கத் தலைவராக இருந்து பிரதமரான பாப் ஹாக்கே விமானப்படையைக் கொண்டு பயணிகளை ஏற்றினார்! ஆயிரத்தறுநூறுக்கும் மேற்பட்ட விமானிகள் ராஜினாமா செய்து, பலர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை.

ஆகவே சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கு இழுபறிதான். நான் சந்தாவின் பக்கம் நிற்பது சம்பளத்துக்காக அல்ல, தூக்கத்துக்காக.

சிரிக்காதீர்கள். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விமானம் வீட்டின் மேல் விழுந்தது. மொத்தம் 50 பேர் போய்விட்டார்கள். கேப்டன் தவறாகக் கையாண்டதே காரணம் என்றது விசாரணை அறிக்கை. ஆனால் விசாரணையில் வெளிவந்த மற்ற விஷயங்கள்தான் என்னை உலுக்கின. துணை விமானியான பெண் நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து முந்தைய இரவு முழுக்க வேறு விமானத்தில் பயணம் செய்து கிழக்குக் கோடிக்கு வேலைக்கு வந்திருந்தார். வேலை பார்க்கும் ஊரில் தங்க அவருக்கு வீடு இல்லை. அவருடைய ஆண்டுச் சம்பளம் பதினாறாயிரம் டாலர் அளவுதான் என்ற பேச்சும் அங்கே வந்தது. பைலட் என்றாலே லட்சம் லட்சமாக அள்ளுகிறார்கள் என்று நினைக்கும் நம்மாட்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இறந்தவர்களின் குடும்பத்தார் விடாமல் போராடினார்கள். சங்கமும் தன் வக்கீல்களையும் நிபுணர்களையும் வைத்துக்கொண்டு அரசிடம் உட்கார்ந்து பேசியது. 2011 டிசம்பரில் புது விதி வந்து, 2014 ஜனவரியில் அமலானது. பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தூங்குவதற்கான வாய்ப்பு. ஒரு தனி விமானி, "சார், எனக்கு அசதியா இருக்கு, இன்னிக்கு ஓட்ட மாட்டேன்" என்று சொன்னால் சோம்பேறி என்பார்கள். விதியாக எழுதி, அந்த விதிக்குப் பின்னால் சங்கமும் நின்றால் அவர் தைரியமாகச் சொல்லலாம். அந்தத் தைரியத்தில் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் உயிரும் அடக்கம்.

இதிலும் ஓர் ஓட்டை. சரக்கு விமானம் ஓட்டுகிறவர்களுக்கு இந்த விதி கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். யுபிஎஸ் விமானிகளின் சங்கம் வழக்குப் போட்டும் பலிக்கவில்லை. பார்சல் ஏற்றினால் தூக்கம் வராதா என்ன?

நம் நாட்டிலும் இதே தூக்கச் சண்டைதான். விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போன பிறகே, வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயரும் புதிய விதி 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. டிசம்பரில் இண்டிகோ போதிய ஆள் இல்லாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், அந்தக் கம்பெனிக்குச் சில விதிகளை அரசு தற்காலிகமாகத் தளர்த்தியதும் ஏர்போர்ட்டில் சிக்கிய பயணிகளுக்குத் தெரியும். சங்கம் என்ற பேச்சை எடுத்தாலே என்ன ஆகும் என்பதற்கும் இங்கே உதாரணம் உண்டு. 2009-ல் ஜெட் ஏர்வேஸில் சங்கம் அமைக்க முயன்ற இரண்டு விமானிகளை நீக்கினார்கள். நூற்றுக்கணக்கான விமானிகள் ஒரே நேரத்தில் 'உடம்பு சரியில்லை' என்று லீவு போட, ஐந்தே நாளில் நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது. லட்சம் வாங்குகிறவனையும் ஒரே கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பலாம் என்பதைத்தான் நான் இதில் பார்க்கிறேன்.

சந்தா செய்யும் இன்னொரு வேலை வெளியே தெரிவதில்லை. நாற்பது வயது தாண்டிய அமெரிக்க கேப்டன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். டாக்டர் ஒரு வரி எழுதினால் பிழைப்பு போச்சு. அதற்காகச் சங்கம் தனியே டாக்டர்களை வைத்திருக்கிறது. குடிக்கு அடிமையான விமானிகளை ஒளித்துவைக்காமல், சிகிச்சை கொடுத்து, கண்காணித்து, மறுபடி வேலைக்குக் கொண்டுவரும் திட்டத்தை 1970-களில் சங்கமும் அரசும் சேர்ந்து தொடங்கின. ஆயிரக்கணக்கானோர் அப்படித் திரும்பியிருக்கிறார்கள். குடியால் வேலையும் வீடும் போன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, அதனால் எனக்கு இந்த ஒன்றே போதும்.

இனி எனக்குப் பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். சங்கம் பெரும்பாலும் சீனியர்களின் சங்கம். 1983-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 'பி-ஸ்கேல்' என்று ஒன்று வந்தது. ஏற்கனவே இருப்பவர்களின் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம், இனி சேரும் புதியவர்களுக்கு மட்டும் அதே வேலைக்குக் குறைந்த சம்பளம். அங்குள்ள விமானிகள் சங்கம் அதற்குக் கையெழுத்துப் போட்டது! புதியவன் அப்போது மேஜைக்கு முன்னால் இல்லையே, அவன் தலையில் கட்டுவது சுலபம். 1985-ல் யுனைடெட் கம்பெனி இதையே கேட்டபோது விமானிகள் 29 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி பயிற்சி கொடுத்துத் தயாராக வைத்திருந்த 500-க்கும் மேற்பட்ட புதியவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போக மறுத்துச் சங்கத்தோடு நின்றார்கள். ஒருநாள்கூடச் சம்பளம் வாங்காத பையன்கள், நண்பர்களே!

டிப்ளமோ முடித்து அப்ரண்டிஸாகப் போகப்போகிற நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி நாம் தொழிலாளியே இல்லை, பயிற்சியாளர். பக்கத்து மெஷினில் நிற்கும் அண்ணன் செய்யும் அதே வேலை, உதவித்தொகையோ வேறு. பி-ஸ்கேல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சங்கத்தில் சேராவிட்டாலும் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று ஒப்பந்தம் போட அமெரிக்காவில் 1951 முதல் சட்டம் இடம் தருகிறது. கொடுமை என்பார்கள் சிலர். ஆனால் சேராதவனுக்காகவும் சங்கம் பேசியே தீர வேண்டும் என்பதும் அங்கே சட்டம். அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது தெரியுமா? ரயில்வேயில் வெள்ளைக்காரர்களின் சங்கம் கருப்பினத் தொழிலாளிகளின் வேலையைப் பறிக்க ஒப்பந்தம் போட்டது. ஸ்டீல் என்ற கருப்பின நீராவி எஞ்சின் தொழிலாளி வழக்குப் போட்டு, 1944-ல் உச்சநீதிமன்றத்தில் வென்றார். அந்த ரயில்வே சட்டம்தான் விமானத்துக்கும் பொருந்தும். எல்லாருக்கும் சேர்த்துப் பேசுகிறவன் எல்லாரிடமும் காசு கேட்பதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை. அரசியல் செலவுக்கு என் பங்கைத் தர மாட்டேன் என்று சொல்லச் சேராதவருக்கு உரிமையும் இருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. 1959-ம் ஆண்டுச் சட்டப்படி அங்கே சங்கங்கள் வருஷா வருஷம் வரவு செலவை அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். தலைவர் எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்பதுவரை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நம் மாணவர் சங்கத்தின் கணக்கையும் அடுத்த ஆண்டிலிருந்து நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமே. இந்தப் பாராவை வெட்டாமல் மலரில் போடும்படி செயலாளர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன்.