இன்னொரு 'டம்மி' கேட்கும் ரசிகக் கண்மணிகளுக்கு

போன வாரம் பெங்களூரிலிருந்து மச்சினன் வந்திருந்தான். பெத் கிப்பன்ஸின் 'லைவ்ஸ் அவுட்க்ரோன்' (2024) ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு முடிவதற்குள், "என்ன அத்தான், ஒரு ஸ்க்ராட்ச் கூட இல்ல, போர்ட்டிஸ்ஹெட் மாதிரியே இல்லையே?" என்றான். அது போர்ட்டிஸ்ஹெட் ஆல்பமே இல்லை, அந்தம்மா தனியாகப் போட்டது. தங்கமணி முறைத்ததால் அங்கே வாயை மூடிக்கொண்டேன். மிச்சம் இங்கே.

இந்த ரசிகக் கண்மணிகளை எனக்கு 2008லிருந்து தெரியும். தெரியும் என்ன, நானும் அதில் ஒருத்தன்தான். பி.காம் படிக்கும்போது ரூம்மேட் கொடுத்த காப்பி கேசட்டில் 'டம்மி' (1994) கேட்டு விழுந்தவன். வங்கி வேலை, மாற்றல், மும்பை லோக்கல் ரயில் எல்லாவற்றுக்கும் அதுதான் துணை. இரண்டாவது ஆல்பத்துக்கு 11 வருஷம் கழித்து 2008ல் 'தேர்ட்' வந்ததும் முழு விலை கொடுத்து வாங்கினேன். 'மெஷின் கன்' பாட்டில் டிரம் மெஷின் டமடமவென்று அடித்த அடியில் பக்கத்து ஃப்ளாட் ஆஜி கதவைத் தட்டிவிட்டார். மறுநாளே சிடியை அலுவலக நண்பருக்குத் தானம் செய்தேன். பிடிக்காமல் போனது தப்பில்லை. ஏதோ என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆறு மாசம் புலம்பினேனே, அதுதான் அசிங்கம்.

அன்றைய முதல் புகார், "இது டிரிப்-ஹாப்பே இல்லை". அந்தப் பெயரை அந்தக் குழு என்றைக்குமே விரும்பியதில்லை சாமி. லாலோ ஷிஃப்ரின், ஐசக் ஹேய்ஸ் இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகள் எடுத்தார்கள். போதாததற்குத் தாங்களே வாசித்ததையும் தட்டாக அச்சடித்து அதைத் தேய்த்தார்கள். 1994ல் அது புதுசு. 1995ல் மெர்க்குரி பரிசும் கிடைத்தது. அப்புறம் எந்த ஹோட்டல் லாபிக்குப் போனாலும் அதன் நகல் ஓட ஆரம்பித்தது. எனவே 'தேர்ட்'டில் ஸ்க்ராட்ச்சையே தூக்கி எறிந்தார்கள். அதன் முதல் பாட்டு 'சைலன்ஸ்' பாதியில் வெட்டினாற்போல நின்றுவிடும். பிளேயர் ரிப்பேர் என்றே நினைத்தேன் :-) ரசிகனோ 1994ல் ஃபிக்சட் டெபாசிட் போட்டவன் மாதிரி, அதே வட்டி விகிதத்தில் ரின்யூ பண்ணு என்று கவுண்டரில் நிற்கிறான்.

இரண்டாவது, கச்சேரிப் புகார். அந்தம்மா கூட்டத்தோடு பேசுவதில்லை, பாடாத நேரத்தில் முதுகைக் காட்டுகிறார், பழைய பாட்டைப் பழையபடி பாடுவதில்லை. இவர்களே கும்பிடும் 'ரோஸ்லண்ட்' சிடியை எடுங்கள். 1997 ஜூலை 24, நியூயார்க், பின்னால் ஒரு ஆர்கெஸ்ட்ரா. ஆனால் அதிலுள்ள 'சோர் டைம்ஸ்' அங்கே பாடியதே இல்லை, 1998ல் சான் பிரான்சிஸ்கோவில் பாடியது. 'ரோட்ஸ்' நார்வேயில். அந்த 'சோர் டைம்ஸ்' கடைசியில் கதறலாக முடியும், 'டம்மி'யில் இருப்பதற்குச் சம்பந்தமே கிடையாது. ஆக, நீங்கள் கற்பூரம் காட்டுவதே மாற்றிப் பாடியதற்குத்தான்!

நிற்க. ஊரை விட்டு வந்த நமக்கு இந்த வியாதி கொஞ்சம் ஜாஸ்தி. நாம் வேலை, பாஷை, சாப்பாடு எல்லாம் மாற்றிக்கொள்வோம். லீவில் போகும்போது பஸ் ஸ்டாண்ட் மட்டும் இடம் மாறியிருக்கக் கூடாது. டீக்கடை மொபைல் கடையாகியிருந்தால் கோபம் வருகிறது. போர்ட்டிஸ்ஹெட் என்பது ஜெஃப் பாரோ வளர்ந்த சின்ன ஊரின் பெயர். ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டார்கள், அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை.

'டம்மி' வந்தபோது கிப்பன்ஸுக்கு 29 வயசு. 'லைவ்ஸ் அவுட்க்ரோன்' வந்தபோது 59. மூப்பு, தாய்மை, வரிசையாகப் பார்த்த சாவுகள் என்று பாடுகிறார். 29 வயசுச் சோகத்தை அப்படியே நடித்துக் காட்டு என்று கேட்பதற்குப் பெயர் ரசனையா? எனக்கும் 40 தாண்டி முட்டி வலிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

2016ல் காலா கோடா ரிதம் ஹவுஸ் மூடப்போகிறது என்று கேள்விப்பட்டு ஓடிப்போய் 'தேர்ட்'டை இரண்டாம் தடவை காசு கொடுத்து வாங்கினேன். மச்சினன் கிளம்பும்போது அதை அவன் பைக்குள் போட்டேன்.

அவன் வீட்டில் சிடி பிளேயர் இல்லையாம்.